பின்வரிசைக்கு வந்த வாத்தியார்

கால்பந்தில் கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். கோல் விழாமல் தடுத்தவன் பெயர் வருவது அபூர்வம். கேரள அணியின் சமீப காலக் கதையில் மிக முக்கியமான இரண்டு எண்கள் பலர் கண்ணில் படாமலே போனதற்கு இதுதான் காரணம். 2017 மார்ச்சில் கோவாவில் நடந்த சந்தோஷ் கோப்பைப் பிரதான சுற்றில் கேரளம் 5 ஆட்டங்களில் 9 கோல் வாங்கியது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் 6 ஆட்டங்களில் வாங்கியது வெறும் 3. முதல் முறை அரையிறுதியோடு ஊர் திரும்பிய அணி, இரண்டாம் முறை கோப்பையோடு திரும்பியது. இந்த இரண்டுக்கும் நடுவே பயிற்சியாளர் மாறியிருந்தார். வந்தவர் சதீவன் பாலன். கல்லூரிப் பையன்களைப் பழக்கிப் பெயர் எடுத்தவர்.

சந்தோஷ் கோப்பை மாநிலங்களுக்கு இடையிலான போட்டி. 1941ல் தொடங்கியது. வங்காளத்தில் இருந்த சந்தோஷ் சமஸ்தானத்து மகாராஜாவின் நினைவாக அந்தப் பெயர். ஐ.எஸ்.எல். பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் வந்த பிறகு மற்ற மாநிலங்களில் இதை மறந்தே விட்டார்கள். கேரளத்தில் மட்டும் இன்றும் இது மானப் பிரச்னை. தோற்றால் டீக்கடையில் விசாரணைக் கமிஷன் உட்காரும்.

2017ல் அந்தக் கமிஷனுக்கு நிறைய வேலை இருந்தது. முதல் ஆட்டத்தில் ரயில்வேக்கு எதிராக ஜோபி ஜஸ்டின் மூன்று கோல் போட்டார். கேரளம் 4-2 என்று வென்றது. அடுத்து பஞ்சாபுடன் 2-2. ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு கோல் போட்டுத் தப்பித்தது. மிசோரமை 4-1 என்று துவைத்தது. மகாராஷ்டிரத்திடம் 0-2 என்று விழுந்தது. அரையிறுதியில் கோவாவின் இளைஞர் லிஸ்டன் கொலாசோ இரண்டு முறை வலையை அசைத்தார். கேரளத்தின் பதில் கோல் ஒன்றே ஒன்று. அதைப் போட்டவரும் முன்கள ஆட்டக்காரர் அல்ல, பின்களத்தில் நிற்கும் ராகுல் வி. ராஜ். ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட கோல் வாங்காமல் வெளியே வரவில்லை. நாலு போட்டால் ரெண்டு வாங்கலாம் என்ற கணக்கில் ஆடும் அணிக்கு, போட முடியாத நாள் ஒன்று வரும்போது கதை முடிந்துவிடும். மகாராஷ்டிரத்துடனும் கோவாவுடனும் நடந்தது அதுதான்.

2018ல் காட்சி வேறு. பெங்களூரில் நடந்த தகுதிச் சுற்றில் ஆந்திரத்தை 7-0 என்று வென்று, தமிழ்நாட்டுடன் 0-0 என்று சமன் செய்து கொல்கத்தா போனது கேரளம். அங்கே சண்டிகர் 5-1, மணிப்பூர் 6-0, மகாராஷ்டிரம் 3-0, வங்காளம் 1-0. நாலு ஆட்டங்களில் 15 போட்டு, வாங்கியது ஒன்று. அரையிறுதியில் மிசோரமுக்கு எதிராக அஃப்தல் போட்ட ஒரே கோல் போதுமானதாக இருந்தது. ஒரு கோலை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்தைக் கட்டிக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை முந்தைய ஆண்டு அணிக்கு இல்லை. இந்த அணிக்கு இருந்தது. வங்காளத்தை அதன் மண்ணிலேயே ஒரு கோலில் வென்றதும், மிசோரமை ஒரு கோலில் வென்றதும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி. அணியின் கேப்டன் அதே ராகுல் வி. ராஜ்.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள கேரளத்தின் கல்லூரி மைதானங்களைப் பார்க்க வேண்டும். கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968ல் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1971ல், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆசுதோஷ் முகர்ஜி கோப்பையை வென்றது. அந்த அணியின் கேப்டன் கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா. 1973ல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியிலும் அவர் இருந்தார். கேப்டன் மணி மூன்று கோல் போட்ட ஆட்டம் அது. பயிற்சியாளர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தர்ராஜ். கல்லூரி மைதானத்திலிருந்து மாநில அணிக்குப் போகும் பாதை கேரளத்தில் அன்றே போடப்பட்டுவிட்டது. சதீவன் பாலன் அந்தப் பாதையில் வந்தவர். கோழிக்கோடு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி அளித்து அகில இந்தியப் பட்டங்களை வாங்கித் தந்தவர்.

திருச்சூர் முதல் வயநாடு வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை. பாலக்காடு அதற்குள் வருகிறது. விக்டோரியா கல்லூரியும், தமிழ் பேசும் சித்தூர் தாலுகாவின் அரசுக் கல்லூரியும் இதன் கீழ்தான். இடுக்கி மாவட்டமோ கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் இரண்டும் பக்கத்து மாவட்டங்கள் மாதிரித் தோன்றும். நடுவே ஆனைமலை நிற்கிறது. பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குச் சுருக்கு வழி தேடுகிறவர் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். வழி நெடுக மொழி மாறி மாறி வரும். கால்பந்து மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கால்பந்து அல்ல.

பாலக்காட்டுப் பக்கம் ஆட்சி செய்வது செவன்ஸ். மலபார் முழுக்க உள்ள ஏழு பேர் ஆட்டம். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, விளக்கு போட்டு, டிக்கெட் விற்று இரவு நேரத்தில் நடக்கும். நல்ல ஆட்டக்காரனுக்கு ஒரு சீசனில் கை நிறையப் பணம் கிடைக்கும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருவார்கள். இடுக்கிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்து. மூணாறில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு வெள்ளைக்காரத் துரைகள் காலத்து மரபு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர், மலையேறி வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள். மேகம் இறங்கி வந்து மைதானத்தை மூடினாலும் ஆட்டம் நிற்காது என்பது அங்கே ஒரு பெருமை.

இந்த இரண்டு கால்பந்தும் பையன்களுக்கு நிறையக் கற்றுத் தருகின்றன. பந்தை அடக்குவது, ஒருவனுக்கு ஒருவன் மோதுவது, வலியைப் பொறுப்பது எல்லாம் இங்கே பிறவிக் குணம் மாதிரி வந்துவிடும். கற்றுத் தராத ஒன்று தடுப்பாட்டம். செவன்ஸ் மைதானம் சிறியது. கோலுக்கும் கோலுக்கும் நடுவே சில ஓட்டங்கள்தான். பின்னால் நிற்பவன் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்தால் போதும். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் எத்தனை அடி தள்ளி நிற்கிறான் என்ற கவலை இல்லை. பதினொருவர் ஆட்டத்தில், 100 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் கொண்ட மைதானத்தில், ஆட்டத்தின் தலைவிதியையே முடிவு செய்வது அந்த இடைவெளிதான்.

தடுப்பாட்டம் என்றதும் பலர் மனதில் வருவது வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டும் வீரன். உண்மையில், வழுக்கிப் போக வேண்டிய நிலை வந்தாலே ஏதோ ஓரிடத்தில் தவறு நடந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல தடுப்பாட்டம் பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும். நாலு பின்கள வீரர்கள் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்வார்கள். பந்து வலப்பக்கம் போனால் நால்வரும் வலப்பக்கம் ஒதுங்குவார்கள். பந்து வைத்திருப்பவனை நோக்கி ஒருவன் முன்னேறினால், பக்கத்தில் இருப்பவன் அவன் விட்டுப் போன இடத்துக்குக் கோணலாகப் பின்வாங்குவான். எதிரணி பந்தைப் பின்னால் தட்டும் அந்தக் கணத்தில் நால்வரும் முன்னேறுவார்கள். ஒருவன் மட்டும் அரை விநாடி தாமதித்தாலும் ஆஃப்சைடு பொறி கிழிந்துவிடும். நாலு பேரில் மூன்று பேர் சரியாகச் செய்தால் முக்கால் பங்கு பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு ஓட்டை போதும்.

1992ல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தன் அணி வீரன் காலால் திருப்பித் தட்டும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று சர்வதேச விதி மாறியது. அதுவரை நெருக்கடி வந்தால் பந்தை கோல்கீப்பரிடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கிய பின்கள வீரர்கள், அதற்குப் பிறகு பந்தோடு யோசிக்கக் கற்க வேண்டியிருந்தது. உயரமும் முரட்டுத்தனமும் மட்டும் வைத்துப் பின்களத்தில் காலம் தள்ள முடியாத நிலை வந்தது. எங்கே நிற்பது, எப்போது நகர்வது, யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பாடமாகச் சொல்லித்தர வேண்டிய சங்கதிகள் ஆயின.

பாடம் என்றால் வாத்தியார் வேண்டும். வாத்தியார் மாறினால் தடுப்பாட்டம் எவ்வளவு மாறும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்கள் நிறைய உண்டு. செல்சி அணி 2003-04 இங்கிலீஷ் லீக்கில் 38 ஆட்டங்களில் 30 கோல் வாங்கியது. அதுவே நல்ல கணக்குதான். அடுத்த பருவத்தில் ஜோஸே மொரின்யோ வந்தார். அதே 38 ஆட்டங்களில் 15தான் வாங்கி, பட்டமும் வென்றது. அதற்கு முன்னால் இத்தாலியில் அர்ரிகோ சாக்கி இருந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. செருப்பு விற்ற மனிதர். 1987ல் மிலன் அணிக்கு வந்தவர் பந்தே இல்லாமல் அணியை ஆடவைத்தார். பந்து இப்போது இங்கே இருக்கிறது என்று அவர் சொல்ல, பதினொருவரும் அதற்கேற்ப நகர வேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பருவத்தில் மிலன் 30 ஆட்டங்களில் வாங்கிய கோல் 14. சாம்பியன் பட்டமும் வந்தது.

பந்து இல்லாமல் நகரும் பயிற்சியைக் கோடி ரூபாய் ஆட்டக்காரனிடம் செய்யச் சொன்னால் முகம் சுளிப்பான். கல்லூரிப் பையன் செய்வான். கல்லூரி அணியின் பலமே அதுதான். காலை ஆறு மணிக்கு மைதானம், மாலை நாலு மணிக்கு மறுபடி மைதானம். ஒரே விடுதி, ஒரே சாப்பாட்டு மேஜை. மூன்று ஆண்டுகள் அதே முகங்கள். பக்கத்தில் நிற்பவன் எப்போது தடுமாறுவான், எப்போது கத்துவான் என்பது பழக்கத்தில் வந்துவிடும். தடுப்பாட்டம் என்பது முக்கால்வாசி இந்தப் பழக்கம்தான். கோல் போடும் திறமை சிலருக்குக் கருவிலே திருவாக வரலாம். நால்வர் ஒன்றாக நகர்வது யாருக்கும் பிறவியில் வருவதில்லை.

மாநில அணிக்கு இந்த வசதி கிடையாது. போலீஸ், வங்கி, மின்வாரியம், பல்கலைக்கழகம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வரும் இருபது பேர் சில வாரங்கள் முகாமில் கூடுவார்கள். போட்டி முடிந்ததும் கலைவார்கள். அந்தச் சில வாரங்களில் கோல் போடும் கலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல் வாங்காத கலையைச் சொல்லித்தந்தே ஆக வேண்டும். இளைஞர்களைப் புதிதாகச் சேர்த்து அணி கட்டுவதில் பழகிய கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவருக்கு இது தெரிந்த வேலை. ஒவ்வொரு ஆண்டும் மூன்றாமாண்டுப் பையன்கள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். முதலாண்டுப் பையன்களை வைத்து மறுபடி அ, ஆ என்று ஆரம்பிக்க வேண்டும். அப்படிப் பல முறை ஆரம்பித்த அனுபவம் ஒரு குறுகிய முகாமில் கைகொடுக்கும்.

எண்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஐந்து ஆட்டம், ஆறு ஆட்டம் என்பது சின்னக் கணக்கு. எதிரணிகளும் வேறு. 2018 அணியில் புதுமுகங்கள் அதிகம். எம்.எஸ். ஜிதின், கே.பி. ராகுல் போன்ற துடிப்பான இளைஞர்கள் முன்னால் நின்று எதிரணியைத் துரத்தியதும் பின்களத்தின் சுமையைக் குறைத்தது. பந்து பெரும்பாலும் எதிரணியின் பாதியிலேயே இருந்தால் தன் கோலுக்கு ஆபத்து குறைவு. ஆகவே எல்லாப் புகழையும் ஒருவர் தலையில் வைப்பது சரியல்ல. ஆனாலும் 9 என்பது 3 ஆனது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. முந்தைய ஆண்டு ஒரு ஆட்டத்தில்கூடத் தன் வலையைக் காக்க முடியாத அணி, இந்த ஆண்டு ஆறில் நாலு ஆட்டங்களில் கோலே வாங்கவில்லை.

2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே மறுபடி வங்காளம். 19வது நிமிடத்தில் ஜிதின் கோல் போட்டார். 68வது நிமிடத்தில் ஜிதேன் முர்மு சமன் செய்தார். கூடுதல் நேரம் முடிய மூன்றே நிமிடம் இருக்கும்போது விபின் தாமஸ் கேரளத்தை மறுபடி முன்னால் கொண்டுபோனார். கடைசிக் கணத்தில் ஒரு ஃப்ரீ கிக். தீர்த்தங்கர் சர்க்கார் அடித்தது வலைக்குள் போனது. 2-2. வென்ற ஆட்டம் கைநழுவினால் எந்த அணியும் உடைந்துவிடும். பெனால்டி உதைகளில் கேரளத்தின் கோல்கீப்பர் மிதுன் வங்காளத்தின் முதல் இரண்டு உதைகளையும் தடுத்தார். 4-2 என்று வென்று 14 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கேரளம் வந்தது. தடுக்கிறவர்களின் தொடர், தடுக்கிறவன் கையாலேயே முடிந்தது.

தடுக்கிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை பற்றிக் கேரளத்துக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நாலு முறை சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரளம் தோற்றது. நாலாவது தோல்வி சொந்த மண்ணில், பாலக்காட்டில். மகாராஷ்டிரம் 1-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு, வாளையாறு தாண்டி 50 கிலோமீட்டர் தள்ளி, கோயம்புத்தூரில் இறுதி ஆட்டம். கோவாவை 3-0 என்று வென்றது கேரளம். 1993ல் கொச்சியில் மகாராஷ்டிரத்தை 2-0. இரண்டு இறுதியிலும் கேரள வலை அசையவில்லை. 1992ல் கோப்பையை வாங்கிய கேப்டன் கண்ணூர்க்காரரான பின்கள வீரர் வி.பி. சத்தியன். 1995ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் அவரே கேப்டன். சென்னை இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். காயங்களும் மனச்சோர்வும் துரத்த, 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயிலில் அடிபட்டு மறைந்தார். வயது 41. அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த ‘கேப்டன்’ என்ற மலையாளப் படம் வெளியானது 2018 பிப்ரவரியில். அடுத்த ஆறேழு வாரத்தில் இன்னொரு பின்கள வீரர் கேப்டனாக நின்று கோப்பையை வாங்கினார்.

பழைய தலைமுறைக்கு வங்கியும் தொழிற்சாலையும் சோறு போட்டன. ஃபாக்ட், பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம் என்று ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் அணி வைத்திருந்தது. அந்த வரிசையில் ஒன்றான திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்து மறைந்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் கொல்கத்தா வெற்றி. வென்ற அணியில் வேலை இல்லாத 11 பேருக்கு அரசு வேலை தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. கோப்பை வென்ற மாநில அணியில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்ற செய்தியும் அந்த அறிவிப்புக்குள் இருந்தது. கல்லூரி முடித்த பின்கள வீரனுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. முன்கள வீரனைக் கிளப்புகள் தேடி வரும். செவன்ஸ் அமைப்பாளர்களும் தேடி வருவார்கள். நாலு பேரோடு சேர்ந்து நகரத் தெரிந்தவனின் திறமை, அந்த நாலு பேரும் இல்லாத இடத்தில் விலை போகாது.

இனி கதையின் கசப்பான பகுதி. 2019 பிப்ரவரியில் நெய்வேலியில் தகுதிச் சுற்று. நடப்பு சாம்பியனாக வந்தது கேரளம். அதற்குள் பயிற்சியாளர் மாறியிருந்தார். அணியும் பெரும்பாலும் மாறியிருந்தது. தெலங்கானாவுடன் 0-0. புதுச்சேரியுடன் 0-0. சர்வீசஸிடம் 0-1. மூன்று ஆட்டங்களில் வாங்கியது ஒரே கோல். போட்டது ஒன்றுமில்லை. பிரதான சுற்றுக்கே போகாமல் சாம்பியன் வெளியேறியது. கோல் வாங்காமல் இருப்பது மட்டும் போதும் என்று யாராவது நினைத்திருந்தால் நெய்வேலி அதற்குப் பதில் சொன்னது. பின்களத்தை இறுக்கும்போது முன்களம் சோர்ந்துவிட்டால் சுவர் மட்டும் நிற்கும், வீடு இருக்காது.

2022ல் எதிர்த்திசையில் ஒரு பாடம். மஞ்சேரியில் பினோ ஜார்ஜ் பயிற்சியில் ஆடிய கேரளம் 6 ஆட்டங்களில் 7 கோல் வாங்கியது. கர்நாடகத்துடன் அரையிறுதி 7-3. ஆனாலும் மே 2 அன்று வங்காளத்தைப் பெனால்டியில் 5-4 என்று வென்று ஏழாவது முறையாகச் சாம்பியன் ஆனது. ஆகவே கோப்பைக்கு ஒரே வழி என்று எதுவும் இல்லை. ஆனால் 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாதில் நடந்த இறுதி ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 90 நிமிடம் முடிந்து, காயத்துக்கான கூடுதல் நேரத்தில் வங்காளத்தின் ராபி ஹன்ஸ்டா போட்ட ஒரு கோலில் கேரளம் தோற்றது. அணிகள் சம பலத்தில் இருக்கும்போது ஒரு பொழுதின் அசதிதான் கோப்பையின் முகவரியை மாற்றுகிறது.

இந்த 2022 முதல் 2024 முடிய நடந்த நாலு தொடர்களில் கேரளத்துக்கு நாலு பயிற்சியாளர்கள். பினோ ஜார்ஜ், பி.பி. ரமேஷ், சதீவன் பாலன், பிபி தாமஸ். நடுவே ஒருமுறை திரும்பி வந்த சதீவன் பாலனின் அணி 2024 மார்ச்சில் அருணாசலத்தில் மிசோரமுடன் கால் இறுதியில் 0-0 என்று நின்று, பெனால்டியில் 6-7 என்று தோற்றது. பின்களம் நின்றது, அதிர்ஷ்டம் நிற்கவில்லை. அடுத்த தொடருக்கு மறுபடி புது ஆள். இவர்களில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குறை, ஒரு தொடருக்கு ஒரு வாத்தியார் என்ற வழக்கத்தில் இருக்கிறது. 2018ல் மாற்றம் நன்மை செய்தது என்பதால் ஒவ்வொரு ஆண்டும் மாற்றினால் ஒவ்வொரு ஆண்டும் நன்மை வரும் என்று யாரோ கணக்குப் போட்டது போல இருக்கிறது. மாற்றம் கொடுத்ததை அடுத்த மாற்றமே எடுத்துக்கொண்டு போகிறது.

தடுப்பாட்டம் நெல் மாதிரி அல்ல, தென்னை மாதிரி. நட்ட வருஷமே காய்க்காது. ஒரே ஆள், ஒரே முறை, இரண்டு மூன்று ஆண்டுகள் என்ற பொறுமை அதற்குத் தேவை. மாநிலச் சங்கங்களால் அந்தப் பொறுமையைக் காட்ட முடியவில்லை என்றால், காட்டக்கூடிய இடம் கல்லூரிகள் மட்டுமே. அங்கும் நிலைமை சுகமில்லை. செமஸ்டர் முறை வந்த பிறகு ஆண்டு முழுக்கப் பரீட்சை. மைதானம் இருக்கும் கல்லூரியில் பயிற்சியாளர் இல்லை. பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் மைதானம் இல்லை. மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடமே 2018 ஆகஸ்ட் மழையில் ஏற்பட்ட நிலச்சரிவில் சிக்கிச் சேதமானது. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பையனுக்கு மலை மேல் கால்பந்து கிடைக்கிறது. கால்பந்து வாத்தியார் கிடைப்பதில்லை. சித்தூர்ப் பக்கத்துப் பையனுக்கு செவன்ஸ் கிடைக்கிறது. பதினொருவர் ஆட்டத்தைப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆள் கிடைத்தால் அது அவன் அதிர்ஷ்டம்.

ஒட்டப்பாலத்தில் பிறந்த எஸ்.எஸ். நாராயணன் மும்பையில் வளர்ந்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பிடித்த இந்திய அணியின் கோல்கீப்பர்களில் ஒருவராக இருந்தார். 2021ல் காலமானார். பாலக்காட்டு மாவட்டத்து மண்ணிலிருந்து இந்தியாவின் கடைசிக் காவலன் ஒருவன் வர முடிந்தது என்பதற்கு அவர் உதாரணம். வந்துகொண்டே இருக்க வேண்டுமானால் தற்செயலை நம்ப முடியாது. கொல்கத்தாவில் 9 என்பது 3 ஆனதற்குப் பின்னால் இருந்தது ஒரு கல்லூரி வாத்தியாரின் பழக்கப்பட்ட வேலை. அந்த வேலையை ஓராண்டு செய்துவிட்டு நிறுத்தாமல், ஒரு பத்து ஆண்டு பத்துக் கல்லூரிகளில் செய்ய விட்டால் என்ன ஆகும் என்பதை இதுவரை யாரும் செய்து பார்க்கவில்லை.